தலைமையாசிரியர் மீது இறங்கிய சுமை: இங்கிலாந்துப் பள்ளி ஆய்வு முறையின் வரலாறு

இங்கிலாந்தில் தலைமையாசிரியர்களின் மன அழுத்தத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேலை நேரக் கணக்கோடு நின்றுவிடுகிறது. கல்வித் துறைக்காக 2022இல் நடந்த கணக்கெடுப்பில், பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் வாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 57 மணி நேரம் உழைப்பதாகத் தெரிவித்தார்கள். கடும் உழைப்புதான். ஆனால் நீண்ட நேரம் உழைக்கும் எல்லோரும் நொறுங்கிப்போவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும்: மிகுதியான வேலையும் குறைவான முடிவெடுக்கும் உரிமையும் ஒருவரிடமே சேரும்போதுதான் உடலும் மனமும் கெடுகின்றன. பின்வந்தவர்கள் துணைக்கு ஆளில்லாமையையும் அதனோடு சேர்த்தார்கள். இந்த மூன்றும் தலைமையாசிரியர் பதவியில் எப்போது, எப்படிச் சேர்ந்தன என்று வரலாற்றில் தேட வேண்டும்.

தேடல் 1862இல் தொடங்குகிறது. ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தப்பட்ட விதித்தொகுப்பு, அரசு மானியத்தைத் தேர்வு முடிவோடு பிணைத்தது. மாணவர் வருகைக்கு 4 ஷில்லிங். ஆறு வயதைக் கடந்த பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 ஷில்லிங். ஒவ்வொன்றில் தவறுவதற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். பல பள்ளிகளில் ஆசிரியரின் சம்பளமே இந்த மானியத்தைப் பொறுத்திருந்தது. ஆய்வாளர் வந்துபோகும் ஒரு நாளில் ஓராண்டு வருமானம் முடிவாகிவிடும். ஆய்வாளராகவே பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளும் முடிவுக்கேற்ற மானியத்தின் பிடியில் சில பத்தாண்டுகள் இருந்தன.

அதே விதித்தொகுப்பு தலைமையாசிரியரை ஒரு பதிவேடு எழுதவும் வைத்தது. இன்று இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ள இந்த ஏடுகள் வரலாற்றாசிரியருக்குக் கிடைத்த புதையல். அறுவடைக் காலத்தில் வெறிச்சோடிய வகுப்புகள், தட்டம்மையால் குறைந்த வருகை, ஆய்வாளர் வருகைக்கான ஆயத்தம் எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் எழுதியவரின் மனம் இராது. நடந்ததை மட்டும் எழுது, பொதுவான கருத்து எதையும் எழுதாதே என்பது விதி. காய்ச்சலால் வராத பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறித்தவருக்கு, அதனால் குறையப்போகும் மானியத்தை நினைத்துத் தூங்காத இரவைக் குறிக்க இடமில்லை. அந்தத் தலைமுறையின் மனநலம் ஆவணங்களில் இல்லாதிருப்பதை, அது பாதிக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

1890களில் முடிவுக்கேற்ற மானிய முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1897இல் தலைமையாசிரியர்களுக்கெனத் தேசியச் சங்கம் உருவானது. 1902 கல்விச் சட்டம் உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளைத் தோற்றுவித்தது. கட்டடம் ஒழுகினாலும் பெற்றோர் சண்டைக்கு வந்தாலும் அழைத்துப் பேச ஓர் அலுவலகமும் அதில் தெரிந்த முகமும் இருந்தன. அது பொற்காலம் அல்ல. 1970களில் லண்டன் வில்லியம் டிண்டேல் பள்ளியில் கற்பித்தல் முறை பற்றி மூண்ட பூசல், அந்த அமைப்புகளும் கண்காணிக்கத் தவறியதைக் காட்டியது. எனினும் அரசுக்கும் தலைமையாசிரியருக்கும் இடையே ஒரு தாங்கு அடுக்கு இருந்தது.

அந்த அடுக்கை அரித்தது 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம். பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கும் உரிமை தேசிய அளவுக்குப் போனது; வரவு செலவுப் பொறுப்பு பள்ளிக்கு வந்தது. மாணவர் எண்ணிக்கைக்கேற்பப் பணம் என்பதால் பக்கத்துப் பள்ளி போட்டியாளரானது. 1992இல் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பும் தேர்ச்சிப் பட்டியல்களும் வந்தன. தொடக்கத்தில் நீண்டதாக இருந்த முன்னறிவிப்பு, 2005க்குப் பின் ஓரிரு நாளாகவும் 2012இல் முந்தைய நாள் மதியத் தொலைபேசி அழைப்பாகவும் சுருங்கியது. 2016 சட்டத்தின்படி, ‘போதாது’ என்ற தரம் பெற்ற உள்ளாட்சிப் பள்ளி உள்ளாட்சியிடமிருந்து விலக்கப்பட்டு, அறக்கட்டளை நடத்தும் அகாதெமியாக்கப்பட வேண்டியிருந்தது. ஒற்றைச் சொல் ஒருவரின் பதவியையும் பள்ளியின் உரிமைப் பொறுப்பையும் சேர்த்தே அசைக்கும் நிலை இப்படித்தான் உருவானது. கராசெக்கும் பின்வந்தவர்களும் சொன்ன சேர்க்கை முழுமையானது இங்கேதான்.

ரெடிங் நகரத்துக் கேவர்ஷம் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ரூத் பெர்ரி 2023 ஜனவரியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். முந்தைய நவம்பரில் நடந்த ஆய்வில் அவரது பள்ளி ‘போதாது’ எனத் தரமிடப்பட்டிருந்தது. அவர் மரணத்துக்கு அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று 2023 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி ஹைடி கானர் தீர்ப்பளித்தார். இந்த நிகழ்வில் என்னை மிகவும் உலுக்கியது தரமல்ல, இடைக்காலம். அப்போது அறிக்கை வெளியாகும்வரை முடிவு ரகசியம். வாரக்கணக்கில் அதை மனத்துக்குள் சுமக்க வேண்டியிருந்தது. இந்த ரகசியக் கட்டுப்பாட்டையும் கானர் கவலைக்குரியதாகச் சுட்டினார். ஆஃப்ஸ்டெட் பின்னர் விதியைத் தெளிவாக்கி, சக ஊழியர், குடும்பத்தார், மருத்துவர் ஆகியோரிடம் பேசலாம் என்றது. இதை எழுதிச் சொல்ல ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் தரம் நீங்கியது. ஆய்வு அறிவிப்பு அழைப்புகள் திங்கட்கிழமைகளில் மட்டும் என்றானது. 2025 நவம்பரில் பல கூறுகளைத் தனித்தனியே மதிப்பிடும் அறிக்கை அட்டை நடைமுறைக்கு வந்தது. இவை தீர்ப்பைச் சொல்லும் விதத்தை மாற்றின. 1988க்குப் பின் தலைமையாசிரியரிடம் குவிந்த பொறுப்புகளைத் தொடவில்லை.

துணையைப் பொறுத்தவரை, ஆசிரியர் சங்கம் 1877இல் தொடங்கிய உதவி நிதியின் வழிவந்த எஜுகேஷன் சப்போர்ட் தொண்டு நிறுவனம், இன்று அரசின் நிதியோடு தலைமையாசிரியர்களுக்கு உளவள ஆலோசனையும் தொழில்சார் வழிகாட்டலும் அளிக்கிறது. சமூகப் பணியாளருக்கு இத்தகைய வழிகாட்டல் பணியின் வழக்கமான பகுதி. மேலதிகாரி நேரம் ஒதுக்கி உட்கார்ந்து பேசியாக வேண்டும். தலைமையாசிரியரோ தமக்கு உதவி தேவை என்பதைத் தாமே உணர்ந்து, தாமே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது.