விரலை வேகப்படுத்த முடியுமா? பியானோவிலிருந்து ரிதம் கேம் வரை

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுவோம். ரிதம் கேம்களில் ‘ஸ்ட்ரீம்’ என்று ஒன்று உண்டு. பாட்டின் ஒவ்வொரு தாளத் தட்டையும் நான்காகப் பிரித்து, நான்குக்கும் விடாமல் பட்டனைத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நிமிடத்துக்கு 180 தட்டு ஓடும் பாட்டு என்றால் விநாடிக்கு 12 முறை. ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 83 மில்லி விநாடி. ‘ஓசு’ ஆடுகிறவர்கள் இரண்டு விரலை மாற்றி மாற்றித் தட்டி இதைச் சமாளிப்பார்கள். ஆக ஒரு விரலுக்கு விநாடிக்கு 6.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். நரம்பியல் பரிசோதனைகளில் ஹால்ஸ்டெட் பெயரால் ஒரு விரல் தட்டும் சோதனை இருக்கிறது. ஆள்காட்டி விரலால் ஒரு சின்ன நெம்புகோலை 10 விநாடிக்கு முடிந்த வேகத்தில் தட்டச் சொல்வார்கள். ஆரோக்கியமான ஆள் சுமாராக 50 முறை தட்டுவார், அதாவது விநாடிக்கு 5. விளையாட்டு 6 கேட்கிறது, விரல் 5தான் கொடுக்கிறது! (கீபோர்டு பட்டன் அந்த நெம்புகோலைவிட லேசு, அதனால் நிஜ இடைவெளி இவ்வளவு இருக்காது. இருந்தாலும் சராசரி விரல் எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.)

இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, ‘அப்போ விரலைத்தான் வேகப்படுத்தணும்’ என்பது. ரிதம் கேமுக்கு வயது சுமார் முப்பதுதான். இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல். ஏற்கனவே கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று துழாவிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

விளையாட்டின் வரலாறு சுருக்கமாக. 1996 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்கு ‘பராப்பா தி ராப்பர்’ வந்தது. அடுத்த டிசம்பரில் கொனாமி நிறுவனம் ஜப்பானிய ஆர்கேடுகளில் ‘பீட்மேனியா’வை இறக்கியது. ஐந்து பட்டன், ஒரு டர்ன்டேபிள். 1999இல் வந்த அதன் இரண்டாம் வரிசையில் பட்டன் ஏழானது. 2001இல் நாம்கோவின் டைகோ மேளம். 2007இல் ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட், ஒரு நின்டெண்டோ விளையாட்டின் பாதிப்பில் கம்ப்யூட்டருக்காக ஓசுவை எழுதி இலவசமாக வெளியிட்டார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கதி ஒன்றுதான்: தட்டினாயா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை மில்லி விநாடி முன்னே பின்னே தட்டினாய் என்று பார்த்து மார்க் போடுவது.

இப்போது பின்னால் போவோம். 1814இல் டப்ளினில் இருந்த ஜெர்மன்காரர் யோகான் பெர்ன்ஹார்ட் லோஜியர், ‘கைரோபிளாஸ்ட்’ என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பியானோ கட்டைகளுக்கு முன்னால் கிடையாக இரண்டு கம்பி. நடுவில் கையை நுழைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிப் பள்ளம். மணிக்கட்டும் விரலும் இம்மி நகராமல் ‘சரியான’ நிலையில் நிற்கும். மாணவன் தவறு செய்யவே வழியில்லை என்பது யோசனை. கால்க்பிரென்னர் மாதிரி அன்றைய பெரிய பியானோக்காரர்களே இதை ஆதரித்தார்கள். 1836இல் ஹென்றி ஹெர்ட்ஸ் விரலுக்கு ஸ்பிரிங் மாட்டும் ‘டாக்டிலியான்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு விரலில் ரப்பர் பேண்ட் சுற்றிப் பயிற்சி எடுப்பதற்கு இதைத் தாத்தா என்று சொல்லலாம்.

இந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த பலி ராபர்ட் ஷூமன். சட்டப் படிப்பை விட்டுவிட்டு லைப்ஸிக்கில் பிரீட்ரிக் வீக்கிடம் பியானோ கற்றவர். இருபதைத் தாண்டிய வயதிலேயே வலதுகை நடுவிரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. ஏதோ ஒரு இயந்திரத்தை அவர் பயன்படுத்தியது நாட்குறிப்பில் இருக்கிறது, ‘சிகார் இயந்திரம்’ என்று குறிப்பிடுகிறார். விரல் கெட்டது அதனால்தானா, அதற்கு முன்பே கெட ஆரம்பித்ததற்கு வைத்தியமாகத்தான் அதை மாட்டினாரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மூளையின் கட்டளையே குழம்பிப் போகும் ‘டிஸ்டோனியா’வாக இருக்கலாம் என்கிற மருத்துவர்களும் உண்டு. எப்படியோ, மேடைக் கனவு 1832 வாக்கில் முடிந்துவிட்டது. நமக்கு ஒரு இசையமைப்பாளர் கிடைத்தார், சரி. அவர் கை போனது போனதுதான்.

இந்தப் பைத்தியம் எதுவரை போனது தெரியுமா? உங்கள் கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மடக்கிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். தூக்க வராது. விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று குறுக்கே இணைந்திருக்கின்றன, அதுதான் காரணம். 1880களில் அமெரிக்காவில் பியானோக்காரர்களின் மோதிர விரலுக்கு ‘விடுதலை’ தருவதற்காக அந்த இணைப்பைக் கத்தியால் அறுத்தே விட்டார்கள். இன்னொரு உடற்கூறு உண்மையும் இவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது: விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. விரலைக் கட்டிப்போட்டு வலுப்படுத்துவது, பைக் ஓடவில்லை என்று டயரைக் கழற்றிப் பழுது பார்க்கிற மாதிரி.

அடுத்த கூட்டம் தந்திக்காரர்கள். என் பார்வையில் ரிதம் கேம் ஆடுகிறவர்களுக்கு மிக நெருங்கிய முன்னோர் இவர்கள்தான். ஒரே சாவி, ஒரே கை, நேர இடைவெளிதான் மொழி. இண்டியானா பல்கலைக்கழகத்தில் வில்லியம் லோவ் பிரையன் என்ற உளவியலாளரும், தந்தி வேலை பார்த்திருந்த நோபல் ஹார்ட்டரும் 1897இலும் 1899இலும் வெளியிட்ட ஆய்வுகள் இன்றைக்குப் படித்தாலும் சுவாரசியம் குறையவில்லை. தந்தி கற்கிறவர்களை வாராவாரம் சோதித்து வேகத்தைக் கோடாக வரைந்தார்கள். அனுப்பும் வேகம், அதாவது விரல் வேலை, சரசரவென ஏறி ஓர் இடத்தில் தட்டையாகிவிட்டது. வாங்கும் வேகம், அதாவது காதும் மூளையும் செய்கிற வேலை, மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்று, பிறகு திடீரென்று மறுபடி ஏறியது. கடைசியில் அனுப்பும் வேகத்தையே தாண்டியது.

முட்டிக்கொண்டு நின்ற அந்தக் காலத்தில் என்ன நடந்தது? அவர்கள் சொன்ன விளக்கம்: கற்பவர் முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார். பிறகு சொல் சொல்லாக. பிறகு தொடர் தொடராக. ஒரு படியிலிருந்து அடுத்ததுக்குத் தாவும்வரை கோடு அசையாது. இந்தத் தேக்கம் எல்லோருக்கும் வருவதில்லை என்று பின்னால் பலர் சுட்டிக்காட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் மோர்ஸ் கற்பிக்கும் முறையை வகுத்த பிரெட் கெல்லர் 1958இல் இதை ‘மாயத் தேக்கம்’ என்றே எழுதினார். தேக்கம் மாயமாக இருக்கட்டும், எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகிற சங்கதி நிலைத்துவிட்டது.

அனுப்பும் பக்கத்தில், விரலை விரட்டியவர்களுக்குக் கிடைத்தது ‘கண்ணாடிக் கை’. அமெரிக்கத் தந்திக்காரர்கள் கைப்பிடிப்புக்கு வைத்த பெயர் அது. பிரிட்டனில் தந்திக்காரர் கைப்பிடிப்பு 1908இல் இழப்பீடு பெறத் தகுதியான தொழில் நோய்ப் பட்டியலில் ஏறியது. இதற்கு நடுவில் 1904இல் ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் ஒரு சாவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மேலும் கீழும் குத்த வேண்டாம், பக்கவாட்டில் தொட்டால் போதும், புள்ளிகளை ஸ்பிரிங் தானே அதிர்ந்து போட்டுக்கொள்ளும். விரலுக்கான கருவிகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பேன். விரலை மாற்றாமல் சாவியை மாற்றினார் மனிதர். பட்டனை முழுதாக மேலே விடாமலேயே அடுத்த தட்டை ஏற்றுக்கொள்ளும் காந்தக் கீபோர்டுகளை இன்று ஓசு ஆட்கள் தேடி வாங்குவதும் அதே வழிதான்.

மூன்றாவது, தட்டச்சு. நம் ஊர் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ அடித்துக் காகிதம் தீர்த்தவர்களுக்கு இது சொந்தக் கதை. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. கீழே பார்த்தால் மாஸ்டரின் ஸ்கேல் வரும். அந்த ‘கீழே பார்க்காதே’வுக்குப் பின்னால் 1888 ஜூலை 25இல் சின்சினாட்டியில் நடந்த ஒரு போட்டி இருக்கிறது. பிராங்க் மெக்கரின் கட்டைகளை மனப்பாடம் செய்து, பார்க்காமல் அடிப்பவர். எதிராளி லூயி டிராப் பார்த்து அடிப்பவர். மெக்கரின் ஜெயித்தார். அவர் கண் கட்டையில் இல்லாமல் தாளில் இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 1984இல், டிமோத்தி சால்ட்ஹவுஸ் இதை அளந்தே காட்டினார். நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்தக் கட்டுரையிலேயே மிகப் பிடித்த இடம் இது. 19 வயதிலிருந்து 72 வயதுவரை உள்ள தட்டச்சாளர்களைச் சோதித்தார். வயதானவர்களின் விரல் தட்டும் வேகம் குறைந்திருந்தது. ஒரு எழுத்தைப் பார்த்ததும் எதிர்வினை செய்யும் நேரமும் கூடியிருந்தது. ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை! எப்படி? திரையில் ஒரே நேரத்தில் தெரியும் எழுத்துகளைக் குறைத்துக்கொண்டே வந்து, எங்கே வேகம் விழுகிறது என்று பார்த்தார். வயதானவர்கள் இளையவர்களைவிடக் கூடுதலான எழுத்துகளை முன்கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் இழந்ததைக் கண் ஈடுகட்டியது. அடுத்த எழுத்து ஒன்று மட்டுமே தெரிகிறபோது யாராக இருந்தாலும் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும்.

இது ரிதம் கேமுக்கு எப்படிப் பொருந்தும்? ஒரு சத்தம் கேட்டு விரலை அசைக்கவே மனிதனுக்குச் சுமார் 150 மில்லி விநாடி ஆகிறது. நம் ஸ்ட்ரீமில் இடைவெளி 83. ஆக ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்துப் பார்த்துத் தட்டுவது இயலாத காரியம். கூட்டமாகத் திட்டம் போட்டு அனுப்பினால்தான் உண்டு. கார்ல் லாஷ்லி 1951இல் பியானோக்காரர்களை வைத்து இதே வாதத்தைத்தான் வைத்தார். இப்போது ஓசுவின் ஒரு எண்ணை எடுங்கள். ‘அப்ரோச் ரேட்’ 9 என்று வைத்தால் வட்டம் தட்டவேண்டிய நேரத்துக்கு 600 மில்லி விநாடி முன்னால் தோன்றும். 600ஐ 83ஆல் வகுத்தால் ஏழு சொச்சம். திரையில் எப்போதும் சுமார் ஏழு வட்டம். ஒரு நல்ல தட்டச்சாளர் முன்கூட்டிப் பார்க்கும் எழுத்துகளும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும்.

அக்கா மகன் ஒருத்தன், காலேஜில் படிக்கிறான். ‘மாமா, 180க்கு மேல விரல் ஏறவே மாட்டேங்குது’ என்றான். ராத்திரி இரண்டு மணிவரை ஒரே ஸ்ட்ரீமைத் திரும்பத் திரும்ப அடித்து, காலையில் டம்ளரைப் பிடிக்கவே மணிக்கட்டு வலிக்கிறது என்கிற நிலை. ‘ரீப்ளே போடு பாப்போம்’ என்று பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். நீளமான நேர் ஸ்ட்ரீமில் அவன் பெரிதாக விடவில்லை. விட்டதெல்லாம் கோலம் மாறுகிற இடத்தில், வளைவின் முதல் இரண்டு தட்டில். விரல் அங்கே களைத்திருக்கவில்லை, என்ன வருகிறதென்று அதற்குச் சேதி போயிருக்கவில்லை.

துல்லியத்துக்கும் ஓசு ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. ‘அன்ஸ்டேபிள் ரேட்’ என்பது உங்கள் தட்டுகளின் நேரப் பிழையின் திட்ட விலக்கத்தைப் பத்தால் பெருக்கியது. 150 என்றால் விலக்கம் 15 மில்லி விநாடி. கடினம் 8 உள்ள பாட்டில் முழு மார்க்குக்கான எல்லை இரு பக்கமும் 32 மில்லி விநாடி. பிழை இயல்நிலைப் பரவலில் இருக்கிறது என்று வைத்தால் சுமார் 97 சதவீதம் முழு மார்க். அதே கை, கடினம் 10க்குப் போனால் எல்லை 20, சுமார் 82 சதவீதம்தான் தேறும். விரல் வேகம் ஒரு துளியும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். 180 பாட்டை முக்கால் வேகத்தில், 135இல் ஓட்டி, இந்த எண் இறங்கும்வரை ஆடு. இறங்கியதும் ஐந்து ஐந்தாக ஏற்று. விடும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அந்த நாலைந்து வட்டமும் ஒரே ‘சொல்’லாகத் தெரியும்வரை பார். அதே பாட்டையே சுற்றாமல் புதுப் பாட்டு நிறைய ஆடு, கண்ணுக்குச் சொல்வளம் சேரும். பட்டனை இடிக்காதே, அடியில் முட்டிய பிறகு கொடுக்கும் அழுத்தத்துக்கு மார்க் கிடையாது. முன்னங்கை இறுகினால் பாட்டு முடியாவிட்டாலும் நிறுத்து. மறுநாள் காலையிலும் வலி இருந்தால் அன்றைக்கு விளையாட்டு கிடையாது, ஒரு வாரம் தொடர்ந்தால் டாக்டர். ரப்பர் பேண்டைக் கழற்றி மேசை டிராயரில் போடச் சொன்னேன்.