ஆபாசத்திலிருந்து இசைவுக்கு: தானே எடுத்த அந்தரங்கப் படமும் இந்தியச் சட்டமும்

ஒருவர் தம் உடலைத் தாமே படமெடுத்து, தாம் நம்பும் ஒருவருக்கு அனுப்புகிறார். பெற்றவர் அதைப் பிறருக்குப் பரப்புகிறார். இங்குக் குற்றம் படம் உருவானதிலா, பரப்பப்பட்டதிலா? இவ்வினாவுக்கு இந்தியச் சட்டம் அளித்த விடை கால் நூற்றாண்டில் மாறிவந்த விதத்தைச் சென்னை வழக்குகளின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 67ஆம் பிரிவில், மின்னணு வடிவ ஆபாசத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. இணையக் குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி இழிவான செய்திகளைப் பரப்பியவருக்கு 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. இச்சட்டத்தின்கீழ் வந்த தொடக்ககாலத் தீர்ப்புகளுள் அது ஒன்று. எனினும் அப்பிரிவின் அளவுகோல் பார்ப்போரின் ஒழுக்கம் கெடுமா என்பதே. படத்துக்குரியவரின் இசைவு அதில் பொருட்படுத்தப்படவில்லை.

2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 66-இ பிரிவே இசைவை அளவுகோலாக்கியது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354-சி பிரிவு மேலும் ஒரு படி சென்றது: படமெடுக்க இசைந்த பெண் அதைப் பிறருக்குப் பரப்ப இசையாவிடில், பரப்புதல் குற்றமாகும் என அதன் விளக்கம் வரையறுத்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக அது தொடர்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது.

இவ்வளர்ச்சி முழுமையானதன்று. 77ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட ஆணுக்குப் பயன்படாது. பெண் தானே எடுத்த படத்தையும் அது வெளிப்படையாகச் சுட்டவில்லை. 67ஆம் பிரிவோ ‘அனுப்புதலையும்’ தண்டிப்பதால், முதலில் அனுப்பியவரே தம்மீது வழக்கு வருமோ என அஞ்ச இடமுண்டு. அதேவேளை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படமெடுத்தவரையே படைப்பாளர் என்கிறது. ஒரே செயலுக்காக ஒரு சட்டம் உரிமை வழங்க, மற்றொன்று ஐயத்தோடு நோக்குகிறது.

வடசென்னையில் துறைமுகத்தை அடுத்து அமைந்துள்ள உயர்நீதிமன்றம், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்குமாறு 2025 ஜூலையில் மைய அரசுக்கு ஆணையிட்டது. ‘ஏன் எடுத்தாய்?’ என்று வினவாமல், ‘எப்போது நீங்கும்?’ என்பதை அவ்வாணை முதன்மையாக்கியது. இராயபுரம், திருவொற்றியூர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் படம் தெருவையும் உறவையும் விரைந்து எட்டக்கூடும். ஆங்கு இவ்வேறுபாடு வாழ்வாதாரச் சிக்கலாகிறது. ஒருவருக்கு அளித்த இசைவு அவரோடு முடிகிறது என்பதைத் தனிப்பிரிவாக, பால் வேறுபாடின்றி, சட்டம் எழுதவேண்டும். அதுவரை முதற்பழி முறையிடுபவர் மீதே விழும் நிலை தொடரும்.