செங்கல்லை மூடிய மாளிகைகள்

இங்கிலாந்துப் பிரபுக்கள் கிராமப்புறத்தில் கட்டிய பழைய மாளிகைகள் பலவற்றுக்குச் செங்கல் வெளியே தெரிவதுதான் அழகு. 1611இல் ராபர்ட் செசில் கட்டி முடித்த ஹாட்ஃபீல்டு மாளிகை இன்றும் செக்கச்செவேலென்றுதான் நிற்கிறது. கால் நூற்றாண்டு கழித்து, 1636இல் திருமலை நாயக்கர் மதுரையில் எழுப்பிய மகாலின் வளைவுகளும் மாடங்களும்கூடச் செங்கல்தான். ஆனால் அவற்றில் ஒரு கல்கூடக் கண்ணில் படாது. அத்தனையும் சுதைக்குள் அடக்கம்.

இதை வெறும் ரசனை என்று ஒதுக்க முடியாது. பங்குனி வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில் செங்கல்லுக்குச் சட்டை வேண்டும். சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் போட்டு மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் அதில் சேரும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். அதை வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளிங்கு போல மின்னும். மகாலின் தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும்.

இதே சுண்ணாம்புச் சுவரோடு வைகையின் வடகரையில், அன்றைய கோட்டைக்கு வெளியே எழுந்தது தமுக்கம் மாளிகை. அரச குடும்பத்தார் மேட்டில் அமர்ந்து யானைச் சண்டை பார்த்த இடம் என்பார்கள். ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை என்பது ஊர்ப் பேச்சு. 1670 வாக்கில் கட்டியது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அப்போது ஆட்சியில் இருந்தவர் அவர் கணவர் சொக்கநாத நாயக்கர். மங்கம்மாள் ஆள வந்ததோ 1689இல். தாத்தா திருமலை நாயக்கரின் மகாலில் ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகப் பழி சுமப்பவரும் அதே சொக்கநாதர்தான்.

ஆற்காட்டு நவாபுக்குப் பின் தமுக்கம் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சொந்த ஊரில் செங்கல் முகத்தைக் கொண்டாடியவர்கள், இங்கே சுண்ணாம்புச் சுவருக்குள் குடியேறினார்கள். கலெக்டர்களுக்கு அதுவே வீடானது. ஆள் இருந்ததால் தமுக்கம் பிழைத்தது. பாழடைந்து கிடந்த மகாலுக்கோ, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு வந்துதான் பழுதுபார்க்க வேண்டியிருந்தது.

1955இல் தமுக்கம் மாளிகையை அரசு காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15இல் நேரு அங்கே காந்தி அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

மதுரைப் பக்கம் பழைய காரை வீடு வைத்திருப்பவர்கள், விரிசல் கண்டதும் சிமென்டைப் பூசிவிட வேண்டாம். ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்; தேடிப் பிடியுங்கள்.