ஹேங்கரும் ஒரு தொழிலாளியும்



இன்று அலமாரியைத் திறந்தால், ஹேங்கரில் மாட்டிய பட்டுப்புடவை கீழே கிடந்தது. அந்த ஹேங்கரின் வரலாற்றைச் சொல்கிறேன்.

1903-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் டிம்பர்லேக் என்ற கம்பிச் சாமான் தொழிற்சாலை. ஆல்பர்ட் பார்க்ஹவுஸ் என்ற தொழிலாளி வேலைக்கு வந்தபோது கோட்டு மாட்டக் கொக்கி ஒன்றுகூடக் காலியில்லை. கிடந்த கம்பியைத் தோள் வடிவில் வளைத்து, நடுவில் கொக்கியாக முறுக்கி, அதில் கோட்டை மாட்டினாராம். காப்புரிமை நிறுவனத்துக்குப் போனது, அவருக்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை என்பது அவர் குடும்பத்தார் சொல்லிவரும் செய்தி.

கம்பி ஹேங்கர் மலிவு. ஆனால் மெல்லியது, வழுவழுப்பானது. துணியில் மடிப்பு விழும், துணி நழுவும். மடிப்பு விழாமலிருக்க 1932-இல் ஷைலர் ஹியூலெட் என்பவர் அட்டைக் குழல் பொருத்திய ஹேங்கருக்குக் காப்புரிமை பெற்றார். நழுவாமலிருக்கப் பின்னாளில் வெல்வெட் போர்த்திய ஹேங்கர்கள் வந்தன. வகுப்பில் படித்தீர்களே, உராய்வு! அதுதான் காரணம். வீட்டில் ஹேங்கரின் இரு முனைகளிலும் ரப்பர் பேண்டைச் சுற்றிப் பாருங்கள், அதே பலன் கிடைக்கும்.

துணியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொள்ளும். உழைத்தவர் பெயரை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் பார்க்ஹவுஸ் பெயரைச் சொல்லுங்கள்.