யாருப்பா அங்க? - கம்ப்யூட்டர்கள் ஒண்ணையொண்ணு கூப்பிட்ட கதை

ரெண்டு கம்ப்யூட்டரை ஒரே ஸ்விட்ச்ல சொருகி, நெட்வொர்க் ஐகானைத் திறந்து, பக்கத்து மெஷின் தெரியலையேன்னு தலையைச் சொறிஞ்சவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்போம். கேபிள் சரி. இண்டர்நெட் வருது. பிங் அடிச்சா பதில்கூட வருது. பட்டியல்ல மட்டும் ஆளைக் காணோம்! இது ஏன்னு தோண்டிக்கிட்டே போனா 1983ல போய் நிக்குது.

அந்த வருஷம் சைடெக்னு ஒரு கம்பெனி, ஐபிஎம்முக்காக நெட்பயாஸ் அப்படின்னு ஒரு சமாச்சாரத்தை எழுதிக் கொடுத்தது. சின்ன ஆபீஸ், கொஞ்சம் மெஷின், தனியா சர்வர் வைக்க வசதி இல்லை. அப்போ யார் பேர் என்னன்னு எங்கே எழுதி வைக்கிறது? எங்கேயும் எழுத வேண்டாம், கத்தினா போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. ஒரு மெஷின் எழுந்ததும் "என் பேர் இது, வேற யாராவது வச்சிருக்கீங்களா?"ன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூவும். யாரும் ஆட்சேபிக்கலைன்னா பேர் அதுக்குச் சொந்தம். பேருக்கு மொத்தம் 16 இடம். அதுல கடைசி ஒண்ணை, அந்த மெஷின் என்ன வேலை செய்யுதுன்னு குறிக்க மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கிச்சு. விண்டோஸ்ல பேர் 15 எழுத்தோட நிக்கிறதுக்கு இதுதான் காரணம்.

ஆப்பிள்காரங்களும் 1985ல ஆப்பிள்டாக் கொண்டு வந்தாங்க. அதுலயும் சர்வர் கிடையாது, சூஸரைத் திறந்தா பிரிண்டர் தானா வந்து நிக்கும். சத்தியமா சொல்றேன், அந்த வசதி விண்டோஸ் பக்கம் ஒழுங்கா வர்றதுக்கு ரொம்ப காலம் ஆச்சு.

விண்டோஸ் பக்கம் நடந்ததுதான் பெரிய கூத்து. 1992 அக்டோபர்ல விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் 3.1 வந்தது. ஒவ்வொரு மெஷினும் பட்டியல் வேணும்கிறப்பெல்லாம் கத்தினா ஒயரே நாறிடும் இல்லையா? அதனால கூட்டத்துல ஒருத்தரைத் தலைவரா வச்சு, பட்டியலை அவர்கிட்ட கொடுத்துட்டாங்க. பேரு மாஸ்டர் பிரவுசர். தலைவர்னா தேர்தல் வேணுமே? நிஜமாவே தேர்தல்தான், எலெக்‌ஷன்னுதான் அதுக்குப் பேரே. யார்கிட்ட புது விண்டோஸ், யாருக்கு என்ன பொறுப்புன்னு முதல்ல பார்க்கும். அதுல சமமா இருந்தா, யார் ரொம்ப நேரமா அணையாம ஓடுறாங்கன்னு பார்க்கும். அதுவும் சமம்னா அகர வரிசைல முன்னாடி வர்ற பேர் ஜெயிக்கும். பஞ்சாயத்துத் தேர்தலை விட நேர்மை :-)

பவர் கட் அடிக்கடி வந்த காலத்துல எங்க தெரு பிரவுசிங் சென்டர்ல இதை நல்லாப் பார்க்கலாம். எல்லாமே விண்டோஸ் 98. கரண்ட் வந்ததும் அத்தனை மெஷினும் ஒண்ணா எழுந்து, ஒண்ணா தேர்தல் வைக்கும். பிரிண்டர் மாட்டின மெஷின் கொஞ்ச நேரத்துக்குப் பட்டியல்லயே வராது. கடைக்காரர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணுவார். தலைவரையே ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடி தேர்தல், மறுபடி காத்திருப்பு.

கணக்கைப் பாருங்க. ஒவ்வொரு மெஷினும் 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்"னு சொல்லணும். மூணு தடவை சத்தம் வரலைன்னாத்தான் தலைவர் பேரை அடிப்பார், அதாவது 36 நிமிஷம். துணைத் தலைவர்கள் தலைவர்கிட்ட பட்டியல் வாங்குறது 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஆக மொத்தம் 51 நிமிஷம் வரைக்கும் செத்த மெஷின் பட்டியல்ல ஆவியா உலாவலாம். பட்டியல்ல இருக்கிறது இருக்கும்னும் சொல்ல முடியாது, இல்லாதது இல்லைன்னும் சொல்ல முடியாது. இதை நம்பி எத்தனை பேர் நெட்வொர்க் கார்டை மாத்தியிருப்பாங்களோ!

இந்தக் கூத்துல லினக்ஸும் கலந்துக்கிட்டது. கான்பெராவுல ஆராய்ச்சி மாணவரா இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், 1991 கடைசில ஒயர்ல போற பேச்சை ஒட்டுக் கேட்டே எழுத ஆரம்பிச்சதுதான் சாம்பா. (நம்ம சம்பா நெல் இல்லீங்க. எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற வார்த்தையை அகராதியில தேடிப் பிடிச்ச பேர்.) அதுல ஓஎஸ் லெவல்னு ஒரு எண் இருக்கு. விண்டோஸ் என்டி டொமைன் சர்வருக்கு 32. நீங்க 65ன்னு போட்டா தேர்தல்ல அதையே தோற்கடிக்கலாம். கள்ள ஓட்டுன்னு சொல்லலாமோ?

இதை எல்லாம் பார்த்துட்டு ஸ்டூவர்ட் செஷையர்னு ஒருத்தர் வேற வழி யோசிச்சார். தலைவரே வேண்டாம், ஆப்பிள்டாக் மாதிரி அவங்கவங்களே பதில் சொல்லட்டும், ஆனா அதுக்கு டிஎன்எஸ் பாஷையையே வச்சுக்கலாம்னு. 2002ல மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2ல ராந்தேவூன்னு வந்து, பேர்த் தகராறுல 2005ல போன்ஜூர் ஆச்சு. பேரை எடுத்துக்கிறதுக்கு முன்னாடி கால் செகண்ட் இடைவெளில மூணு தடவை கேட்டுட்டு எடுத்துக்கும், அவ்வளவுதான். 51 நிமிஷம் எங்கே, முக்கால் செகண்ட் எங்கே! என்னைக் கேட்டா இந்த மொத்த வரலாற்றுலயும் அழகான வேலை இதுதான்.

விண்டோஸ்ல பழைய தலைவர் ஆட்சி முடிஞ்ச கதை சோகமானது. 2017 மே 12ம் தேதி வானாக்ரை கிளம்புச்சு. எஸ்எம்பி முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியா மெஷின் மெஷினா தாவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன்ல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. ஓட்டையை அடைக்கிற பேட்ச் மார்ச்லயே வந்தாச்சுங்கிறதுதான் வயித்தெரிச்சல். அந்த அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து, புதுசா போடுற மெஷின்கள்ல எஸ்எம்பி 1 இல்லாமலே வர ஆரம்பிச்சது. மாஸ்டர் பிரவுசர் அதோட தோள்லதான் உட்கார்ந்திருந்தார். அவரும் கூடவே போயிட்டார்.

அதுக்குப் பதிலா இப்ப இருக்கிறது டபிள்யூஎஸ் டிஸ்கவரி. அதுல தேர்தல் கிடையாது. ஆனா சாம்பா தானா அதைப் பேசாது. அதனாலதான் பழைய லினக்ஸ் பெட்டி, பழைய ஸ்டோரேஜ் பெட்டி எல்லாம் விண்டோஸ் பட்டியல்ல காணாமப் போகுது.

இப்படிக் காணாமப் போனா, "எஸ்எம்பி 1ஐ ஆன் பண்ணு, தெரியும்"னு ஒரு வைத்தியம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. சில சமயம் தெரியவும் செய்யும். ஒரு ஐகானுக்காக அந்தக் கிழட்டுக் கதவைத் திறக்காதீங்க, ப்ளீஸ். முதல்ல \\192.168.1.5 மாதிரி நேரா முகவரியை அடிச்சுப் பாருங்க. திறந்தா பெட்டி நல்லாத்தான் இருக்கு, பட்டியல்தான் கோளாறு. ஒரு ஷார்ட்கட் போட்டுட்டு வேலையைப் பார்க்கலாம். காணாமப் போனது விண்டோஸ் மெஷின்னா, அதுல நெட்வொர்க் பிரைவேட்னு இருக்கான்னு பாருங்க, பப்ளிக்னு இருந்தா அது வாயே திறக்காது. அப்புறம் சர்வீசஸ்ல ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்னு நீளமா ஒண்ணு இருக்கும். அது ஓடலைன்னா ஆட்டோமேட்டிக்ல போட்டு ஓட விடுங்க. லினக்ஸ் பெட்டின்னா டபிள்யூஎஸ் டிஸ்கவரி பேசுற குட்டி புரோகிராம்கள் இலவசமாவே கிடைக்குது, சாம்பா பக்கத்துல ஒண்ணைப் போட்டுக்கிட்டா சரியாயிடும்.