முகச் சுருக்கமும் மனித முயற்சியும்



கத்தி படாமலே தோலை இறுக்கித் தருகிறோம் என்று கூறும் விளம்பரங்களை இன்று நகரத்துக் கடைகளிலும் கைப்பேசித் திரையிலும் காண்கிறோம். வானொலி அலை, ஒலி அலை, லேசர் ஒளி என்று பல பெயர்கள் அவற்றில் அடிபடுகின்றன. தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகளும் முதல் சம்பளம் வாங்கியதும் இவற்றின் விலையை விசாரிக்கிறார்கள். இதைக் கேலி செய்வதால் பயனில்லை. முகத்தில் விழும் முதல் கோடு அரண்மனையில் இருப்பவரையும் லயத்து வீட்டில் இருப்பவரையும் ஒன்றுபோலவே கவலைப்பட வைக்கிறது. ஆகவே, இம்முறைகள் எங்கிருந்து வந்தன, யாருக்கு நன்மை செய்தன, யாரைச் சுட்டன என்னும் வரலாற்றை இன்று அறிந்துகொள்வோம்.

முதலில், தோல் ஏன் தளர்கிறது? மேல்தோலுக்கு அடியில் உள்தோல் என்று ஒன்று உண்டு. அதில் கொல்லாஜன் என்னும் புரத நார்கள் நிறைந்திருக்கின்றன. கட்டிலுக்குக் கயிறு எப்படியோ, அப்படியே தோலுக்கு இந்த நார்கள். வயது ஏற ஏறப் புதிய நார் உருவாவது குறைகிறது. பழைய நார் துண்டுபடுகிறது. கயிறு தளர்ந்த கட்டில் தொய்வதுபோல் தோலும் தொய்கிறது. இந்த நாரின் அமைப்பைக் கண்டறிந்ததில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1954, 1955ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று உலகுக்கு எடுத்துரைத்தனர்.

இந்தக் கயிற்றைப் பற்றி அறியாத காலத்திலேயே மனிதன் சுருக்கத்தோடு போராடத் தொடங்கிவிட்டான். கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எகிப்தில் எழுதப்பட்ட ஈபர்ஸ் சுவடியில் முகச் சுருக்கத்திற்கு ஒரு மருந்து காணப்படுகிறது. நறுமணப் பிசின், மெழுகு, நம் முருங்கையின் இனத்தைச் சேர்ந்த மரத்து எண்ணெய், அரைத்த கோரை ஆகியவற்றைப் புளித்த தாவரச் சாற்றில் கலந்து நாள்தோறும் பூச வேண்டுமாம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி அறிஞர் பிளினி, கழுதைப்பால் சுருக்கத்தைப் போக்கும் என்ற நம்பிக்கையைக் குறித்து வைத்திருக்கிறார். இவை பெரிதாகப் பயன் தராவிட்டாலும் பெரிதாகத் தீங்கும் செய்யவில்லை எனலாம்.

தீங்கு பின்னர் வந்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியச் சீமாட்டிகள் முகத்தின் குறைகளை மறைக்க ஈயவெள்ளையைப் பூசினர். ஈயம் நஞ்சு, அது தோலையே அரித்தது. 1899ஆம் ஆண்டளவில் வியன்னா நகரத்து அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, வாசலினை ஊசி வழியாக உடலில் செலுத்தும் முறையைத் தொடங்கினார். விரைவிலேயே சுருக்கங்களை நிரப்பவும் மெழுகு ஊசி பரவியது. சில ஆண்டுகளில் அந்த மெழுகு இடம் பெயர்ந்தது, கட்டியாக இறுகியது, சிலருக்குப் புண்ணாகவும் வெடித்தது. 1930களில் பிரான்சு நாட்டில் தோ-ரேடியா என்னும் பெயரில் ரேடியமும் தோரியமும் கலந்த முகப்பூச்சு விற்பனையானது. கதிரியக்கம் அன்று புதுமை. புதுமையாதலின் நன்மையாகத்தான் இருக்கும் என்று மக்கள் நம்பினர்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். எந்தக் காலத்திலும் விஞ்ஞானம் ஒரு புதிய ஆற்றலைக் கண்டுபிடித்தவுடன், யாரோ ஒருவர் அதை மனித முகத்தில் வைத்துப் பார்த்து விற்கத் தொடங்கிவிடுகிறார். அதன் கேடு பின்னரே தெரியவருகிறது.

இக்கால முறைகளின் கதையும் இதே வழியில்தான் தொடங்கியது. ஆனால் இம்முறை ஆய்வும் சட்டமும் ஓரளவு உடன் நடந்தன. 1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி என்பவர் அமைத்த கருவியால், வேகமாக அதிரும் மின்சாரத்தை உடலில் செலுத்தி அறுவையின்போது இரத்தப்போக்கை நிறுத்தினார். அந்த மின்சாரம் தசையில் எதிர்ப்பைச் சந்திக்கும்போது சூடு பிறக்கிறது. இதே அடிப்படையில் அமைந்த தோல் இறுக்கும் கருவிக்கு 2002ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. அது பயன்படுத்தும் அதிர்வு, சிற்றலை வானொலியின் அதிர்வுக்கு அருகில் இருப்பது. மேல்தோலைக் குளிரச் செய்துகொண்டே உள்தோலைச் சூடாக்குவது இதன் உத்தி. சூடு பட்ட நார்கள் சுருங்குகின்றன. பின்னர் உடல் அந்த இடத்தைச் செப்பனிடும்போது, சில மாதங்களில் புதிய நார்களும் தோன்றுகின்றன. 2009இல் ஒலி அலைக் கருவியும் அனுமதி பெற்றது. வெயிலைக் கண்ணாடி வில்லையால் ஒரு புள்ளியில் குவித்துக் காகிதத்தைக் கருக்குவோமே, அதுபோல் ஒலியைத் தோலின் ஆழத்தில் குவிப்பது அது.

லேசரின் வரலாறு சற்று வேறு. கரியமிலவாயு லேசரை 1964இல் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். 1990களில் அதனால் மேல்தோலை நீக்கிப் புதுத்தோல் வளரச் செய்யும் முறை பரவியது. வெள்ளைத் தோலில் அது நல்ல பயன் தந்தது. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கோ, புண் ஆறிய இடத்தில் கருந்திட்டு விழும் வாய்ப்பு மிகுதி. வானொலி அலையின் சூடு தோலின் நிறத்தைப் பொறுத்ததன்று. அவ்வகையில் நமக்குச் சற்றே பொருத்தமானது. ஆயினும் பழகாத கையில் அதுவும் சுடும். மேலும், இவை தரும் பயன் மிதமானது, நிலையானதும் அன்று. அறுவை செய்து பெறும் இறுக்கத்தை இவற்றிடம் எதிர்பார்த்துப் பணத்தைக் கொட்டினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பூச்சு மருந்துகளுள் நன்கு ஆராயப்பட்டது வைட்டமின் ஏயிலிருந்து பிறந்த டிரெட்டினாயின். 1971இல் முகப்பருவுக்கு அனுமதி பெற்ற இம்மருந்து, வெயில் தந்த மெல்லிய சுருக்கங்களையும் குறைப்பதாக 1986இல் பிலடெல்பியா மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் வெளியிட்டனர். இதன் பின்னணி கசப்பானது. 1951 முதல் 1974 வரை அந்நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளின் முதுகிலும் கையிலும் கிளிக்மன் பல பொருள்களைச் சோதித்தார். கைதிகளுக்குக் கிடைத்தது சில டாலர். தங்கள் தோலில் என்ன பூசப்படுகிறது என்பது பலருக்குச் சொல்லப்படவே இல்லை. 2022இல்தான் அந்நகராட்சி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஒருவரின் முகம் மினுங்க இன்னொருவரின் முதுகு புண்பட்ட வரலாறு இது. கூலிக்கு உடலை உழைக்கக் கொடுத்த பரம்பரையில் வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். தோலை முதுமைப்படுத்தும் புறக்காரணங்களுள் முதன்மையானது வெயில். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் சன்னலோரம் வெயில் பட்ட இடக்கன்னம் ஆழமாகச் சுருங்கியிருந்தது. வலக்கன்னம் பல ஆண்டு இளமையாகத் தெரிந்தது. ஒரே மனிதர், ஒரே வயது! ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 903 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. நாள்தோறும் வெயில்காப்புப் பூச்சு பூசியவர்களின் தோலில், விருப்பம்போல் பூசியவர்களைக் காட்டிலும் முதுமைக் குறிகள் 24 விழுக்காடு குறைவாக இருந்தன. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். நம் நிறம் நமக்கு ஓரளவு குடை பிடிக்கிறது. ஆனால் அக்குடை முழுக்காப்பு அன்று.

பிரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கொடுத்துப் பால்மரத்து நிழலில் வேலை செய்த தலைமுறை நம்முடையது. இரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, கன்றுகள் ஓங்கும் வரையில் நம் தாய்மார்கள் அந்த நிழலையும் இழந்தனர். வெட்டவெளியில் உரம் போட்டும் மருந்து அடித்தும் நின்றவர்களின் முகத்தில் விழுந்த கோடுகளை வயதின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. அவற்றில் பாதி வேலையின் கணக்கு. ஆதலால் அகன்ற தொப்பியும் முக்காடும் நீண்ட கைச்சட்டையும் சோம்பேறியின் சொகுசு அல்ல, உழைப்பாளியின் காப்பு.

தாய்மார்களே, இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் வரும் மலிவு முகப்பூச்சுகளில் எச்சரிக்கையாக இருங்கள். பாதரசமும், சீட்டின்றி விற்கக்கூடாத டிரெட்டினாயினும் கலந்த பூச்சுகளை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை தடை செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டிரெட்டினாயினைக் கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். அமைச்சிடம் முறையாக அறிவிக்கப்பட்ட பொருள்தானா என்று பாருங்கள், இல்லையேல் வாங்காதீர்கள். கருவிச் சிகிச்சைதான் வேண்டுமென்றால், அதற்கென அமைச்சின் சான்று பெற்ற மருத்துவரிடம் செல்லுங்கள். எங்கள் நிறத் தோலில் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், சுட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஹோம்ஸ்பர்க்கில் இருந்தவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை.