மிதித்தெடுத்த மின்சாரம்

மைக்ரோகொன்ரோலர் பழக ஆசைப்படும் பிள்ளையை என்னிடம் கூட்டிக்கொண்டு வரும் தாய்தகப்பன் முதலில் கேட்பது எந்த போட் வாங்குவது என்பதைத்தான். ஆர்டுயினோவா, ஈ.எஸ்.பி.யா, விலை என்ன, கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாமா என்று கேள்விகள் அடுத்தடுத்து வரும். முதலில் ஒரு மீற்றர் வாங்குங்கோ என்பேன். பிறகு சோல்டரிங் அயன், சின்னக் கட்டர், கொஞ்சம் டயோட், கப்பாசிற்றர், றெசிஸ்ரர். போட் கடைசியாக வரட்டும். இந்த வரிசையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1990 தொடக்கம் 1995 வரை மின்சாரமும் இல்லாமல் பற்றரியும் இல்லாமல் கிடந்த குருநகரில், றேடியோ திருத்தும் கடையொன்றில் எடுபிடியாக நின்றபோது கையில் ஏறியது. அந்த ஐந்து வருடங்களில் யாழ்ப்பாணத்துத் திருத்துகாரர் செய்த வேலை எங்கள் இலத்திரனியல் வரலாற்றின் முதல் அத்தியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே எனக்குத் தெரிந்த பங்கை எழுதுகிறேன்.

குருநகர் யாழ்ப்பாண நகரத்தின் தெற்கு விளிம்பில், கடல்நீரேரியை ஒட்டிய மீனவர் ஊர். பழைய ஆட்களுக்கு அது கரையூர். எதிரே மண்டைதீவு, பக்கத்தில் பாசையூர், ஊருக்கு நடுவே புனித யாகப்பர் கோயில். இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ரோச் லைற்றும் ட்ரான்சிஸ்ரர் றேடியோவும் வலையோடு சேர்ந்த சாமான்கள். ஆனால் கடலுக்கும் றேடியோவுக்கும் ஒத்துவராது. உப்புக்காற்றில் பற்றரிச் சுருள் கம்பி பச்சை பிடிக்கும். ரியூன் பண்ணும் கொண்டென்சரின் தகடுகளுக்குள் வெள்ளையாகப் பூக்கும். ஸ்பீக்கர் வயர் உள்ளுக்குள்ளே இற்றுப்போகும். அதனால் எங்கள் ஊரில் திருத்துகிற கைகளுக்கு ஒருபோதும் வேலை குறைந்ததில்லை.

நான் நின்ற கடை ஒரு வீட்டின் முன்விறாந்தை. மேசையில் ஒரு ஜப்பான் சன்வா மீற்றர், இரண்டு குறடு, மூன்று ஸ்குறூட்ரைவர், பல் துலக்கும் பழைய பிறஷ், ஒரு போத்தல் ஸ்பிரிட், ஒரு பால்மா ரின் நிறையக் கழற்றிய சாமான்கள். அந்த ரின்னுக்குள்தான் எங்கள் முழுச் சொத்தும் இருந்தது. கெட்டுப்போன செற்றுகளிலிருந்து கழற்றி, மீற்றரில் வைத்துப் பார்த்து, நல்லதென்று கண்டவை மட்டும் உள்ளே போகும். கழற்றிய சாமானை வைத்துப் புதிதாகச் செய்வது இலங்கை வானொலிக்கே பிறவிக் குணம் என்று சொல்லலாம். 1920களின் தொடக்கத்தில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றில் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தபோது, அவருடைய கருவியில் இருந்தவை முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்கள். ஒழுங்கான ஒலிபரப்பு 1925 டிசம்பரில்தான் தொடங்கியது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. அரசாங்கம் வடக்குக்குப் போகவிடாமல் தடுத்த பொருட்களில் பெற்றோலும் சீமெந்தும் இருந்ததைப் போலப் பற்றரியும் இருந்தது. வடக்குக்கு வரும் வழியில் தாண்டிக்குளத்தில் சோதனை நடக்கும்போது மருந்துப் பைக்குள் ஒளித்த பென்ரோச் பற்றரியையும் எடுத்துவிடுவார்கள். கிளாலிக் கடல்நீரேரி வழியாக இரவில் வள்ளத்தில் வந்த சனத்தோடு எப்போதாவது இரண்டொன்று தப்பி வரும். அதன் விலை தொழிலாளிக்கு எட்டாது.

செய்தியோ எல்லாருக்கும் தேவைப்பட்டது. பி.பி.சி. தமிழோசை, திருச்சி வானொலி, கத்தோலிக்க ஊரான எங்களுக்கு மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்த்திருப்போம். 1993 நவம்பர் 13இல் யாகப்பர் கோயிலில் விமானக்குண்டு விழுந்த அன்று, ஊர் முழுக்க ஏதாவதொரு றேடியோவைத் தேடி அலைந்தது. றேடியோ என்பது பொழுதுபோக்காக இருந்த காலம் அப்போது போய்விட்டிருந்தது.

முதலில் சனம் பழைய பற்றரிகளோடு மல்லுக்கட்டியது. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் பாடும். நாகத் தகட்டில் ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் இன்னுங்கொஞ்சம் பாடும். உள்ளே ஈரப்பசை காய்ந்துபோவதும் பற்றரி சாவதற்கு ஒரு காரணம் என்பதால் இது சும்மா நம்பிக்கை வைத்தியம் அல்ல. ஆனால் நாகம் கரைந்து முடிந்த பற்றரிக்கு எந்த உப்பும் உயிர் கொடுக்காது. நாலு பற்றரி போட வேண்டிய செற்றுக்கு மூங்கில் குழாயில் எட்டுப் பத்துச் செத்த பற்றரிகளை வரிசையாக அடுக்கி ஓடவிட்டவர்கள் உண்டு.

நிலைத்து நின்ற வழி சைக்கிள் டைனமோ. போத்தல் வடிவ டைனமோ 6 வோல்ட், 3 வாற். அதாவது அரை அம்பியர். சின்ன றேடியோ மெல்லிய சத்தத்தில் எடுப்பது அதில் பத்திலொரு பங்கும் வராது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லை ஒரு பிள்ளை கையால் பெடல் பிடித்துச் சுற்றும். மற்ற எல்லாரும் றேடியோவைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள்.

கேட்க லேசாக இருக்கிறது. செய்யப் போனால் இரண்டு சிக்கல். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். அதற்கு நாலு டயோட்டைச் சதுரமாகக் கட்ட வேண்டும். 1என்4001 இருந்தாலே போதும், கிடைத்தது 4007 என்றால் இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் இரண்டு டயோட் வழியாக மின் போவதால் 1.4 வோல்ட் அங்கேயே தின்னப்பட்டுவிடும். அடுத்தது கப்பாசிற்றர். 100 மைக்ரோஃபாரட் போட்டால் செய்தியோடு சேர்ந்து ஒரு உறுமல் கேட்கும். சில்லு வேகமானால் உறுமலின் சுருதி ஏறும், களைத்தால் இறங்கும். 1000 போட்டால் உறுமல் அடங்கும். 2200 கிடைத்தால் சுற்றுகிற பிள்ளை ஒரு கணம் கை மாற்றினாலும் குரல் அறாது. கப்பாசிற்றர் என்ன வேலை செய்கிறது என்பதை நாங்கள் காதால் படித்தோம். இப்போது ஒசிலோஸ்கோப் திரையில் அதே அலையைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதும் என் காதுக்குள் அந்த உறுமல்தான் வருகிறது.

இரண்டாவது சிக்கல் பல செற்றுகளைக் கொன்றது. டைனமோவில் 6 வோல்ட் என்று பொறித்திருப்பது லைற் எரியும்போது உள்ள கணக்கு. லைற்றைக் கழற்றிவிட்டு றேடியோவை மட்டும் கொழுவினால் சுமை மிகக் குறைவு. உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் வோல்ட் 20ஐத் தாண்டி ஏறும். 10 வோல்ட் கப்பாசிற்றர் என்றால் வயிறு ஊதி வெடிக்கும், றேடியோவின் வெளியீட்டு ட்ரான்சிஸ்ரர்கள் அதோடு போகும். கடைக்கு வந்து விழுந்த செற்றுகளில் பாதிக்குக் காரணம் இதுவே. கடைக்கார அண்ணை கண்டுபிடித்த மருந்து எளியது: சைக்கிளின் முன் லைற்றைக் கழற்றவே வேண்டாம். அது எரிந்துகொண்டே இருக்கட்டும், றேடியோ அதோடு பக்கத்தில் குடிக்கட்டும். லைற் சுமையாக நின்று வோல்ட்டைப் பிடித்துவைக்கும். வீட்டுக்கு வெளிச்சமும் ஆச்சு. வசதி உள்ளவர்கள் 6.2 வோல்ட் சீனர் டயோட் ஒன்றையும் குறுக்கே போட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டைனமோவின் ஒரு முனை அதன் உடம்பு. உடம்பு சைக்கிள் சட்டத்தில் முட்டி நிற்கும். நாலு டயோட் கட்டியபிறகு றேடியோவின் மைனஸ் வயரும் அதே சட்டத்தில் தொட்டால் ஒரு டயோட் ஷோட் ஆகி, இன்னொன்று வழியாக டைனமோவும் பாதி நேரம் ஷோட் ஆகும். “தம்பி, சைக்கிளில ஒண்டும் முட்ட விடாதை, ரியூப் சுத்து” என்று அண்ணை எந்த நாளும் சொல்லுவார். பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டிச் சுற்றியதுதான் எங்கள் இன்சுலேசன் ரேப்.

மின்சாரம் இல்லாமல் சோல்டர் பண்ணுவது எப்படி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். தகரவேலைக்காரரிடம் செப்புத் தலை வைத்த அயன் இருந்தது. அதை இரவல் வாங்கி, தலையை அரத்தால் சீவிக் கூராக்கி, சிரட்டைக்கரியில் சூடாக்குவோம். எடுத்தவுடன் சூடு அதிகம், ஆறினால் ஈயம் மண்போல் நிற்கும். நடுவில் இரண்டு மூன்று முனை வைக்க நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் வயரை முறுக்கி, சுரண்டி, முன்பூச்சுப் பூசி எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். தகரவேலைக்காரரின் அமிலத்தை மட்டும் தொடக்கூடாது. அது தகரத்தில் நன்றாகப் பிடிக்கும், மெல்லிய செப்புப் பாதையையோ கொஞ்ச நாளில் அரித்துவிடும். எங்களுக்கு ரொசின்தான். மூட்டின் மேல் ஈயம் குமிழாக நிற்காமல் பரவிப் பளபளவென்று கிடக்க வேண்டும் என்ற கண் எனக்கு அங்கேதான் வந்தது.

எல்லாவற்றிலும் மேலாக மீற்றர். சன்வா மீற்றருக்கு வோல்ட் பார்க்கப் பற்றரி வேண்டாம். முள்ளை அசைக்கும் மின் பார்க்கிற இடத்திலிருந்தே வரும். ஓம் பார்க்க மட்டும் உள்ளே பற்றரி வேண்டும். அந்தப் பற்றரியை அண்ணை வேறெதற்கும் தரமாட்டார், தன் வீட்டு ரோச்சுக்கும் போடமாட்டார். முள் மீற்றரில் ஓம் பக்கம் வைத்தால் கறுப்பு வயரில்தான் பிளஸ் வரும். இது தெரியாதவன் எல்லா டயோட்டையும் தலைகீழாகக் கட்டுவான். நல்ல கப்பாசிற்றர் என்றால் முள் ஒருதரம் பாய்ந்து மெல்ல வீட்டுக்குத் திரும்பும். பாய்ந்தபடி நின்றால் அது ஒழுகல், ரின்னுக்குள் போகக்கூடாது. றெசிஸ்ரரில் நிறம் சூட்டால் மங்கியிருக்கும். மண்ணிறம், கறுப்பு, சிவப்பு என்று கண்ணால் நம்பாமல் 1000 ஓம் காட்டுகிறதா என்று பார்த்துத்தான் எடுப்போம்.

கார் பற்றரி வைத்திருந்தவர்களுக்காக 2என்3055 ட்ரான்சிஸ்ரரில் இன்வேர்ட்டர் சுற்றிச் சின்ன ரியூப் லைற் எரியவைத்ததும் அந்தக் காலம்தான். இரும்புத் தொப்பி போட்ட அந்த ட்ரான்சிஸ்ரர் எதையும் தாங்கும். யாழ்ப்பாணமே ஊரை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தோம். மீற்றர் மட்டும் அண்ணையின் துணிப்பைக்குள் வந்தது.

பிறகு மின்சாரம் வந்தது, முதலில் டீசல் ஜெனரேற்றரால். 2013இல்தான் யாழ்ப்பாணம் தேசிய மின்வலையோடு திரும்ப இணைந்தது. 2005இல் இத்தாலியின் இவ்றியா நகரத்தில் மாணவர்களுக்கென்று உருவாக்கிய ஆர்டுயினோ அதற்குள் உலகம் சுற்றி எங்கள் பக்கமும் வந்துவிட்டது. பிள்ளைகள் கையில் இப்போது 16 மெகாஹேட்ஸில் ஓடும் ஏ.ரி.மெகா 328 இருக்கிறது. எல்.ஈ.டி. ஒன்றை மினுக்குவதோடு பாடம் தொடங்குகிறது. ஐந்து வோல்ட்டில் எல்.ஈ.டி. இரண்டை எடுத்தால் மிச்சம் மூன்று. 330 ஓம் போட்டால் ஓடுவது 9 மில்லி அம்பியர். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மீற்றரைத் தொடரில் வைத்து 9 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுவேன். வந்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். போட்டில் நூறு வரி எழுதி ஓட்டினாலும் அது வருவதில்லை.

பழைய பாடம் எங்கே திரும்ப வருகிறதென்றால், மின் வழங்கலில். ஈ.எஸ்.பி. போட் வைஃபை அனுப்பும் கணத்தில் 300 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயரில் வோல்ட் சரிந்து போட் தானாக றீசெற் ஆகும். பிள்ளை புறோகிறாமில் பிழை தேடிக்கொண்டிருக்கும். வழங்கலுக்குக் குறுக்கே ஒரு 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிற்றர் வைத்தால் நின்றுவிடும். சில்லைச் சுற்றியவன் கை மாற்றும்போது குரலைத் தாங்கிய அதே கப்பாசிற்றர், அதே வேலை. வள்ளத்து அடியில் தண்ணீர் ஏறினால் கத்துகிற அலாரம் செய்ய வந்த பெடியனும் இதையே படித்தான். 12 வோல்ட் பற்றரியில் இயந்திரம் ஸ்ராட் எடுக்கும்போது வோல்ட் விழுந்து ஏறும் ஆட்டத்தை அவனுடைய சின்ன போட் தாங்கவில்லை. ஒரு டயோட், ஒரு கப்பாசிற்றர், நல்ல 5 வோல்ட் றெகுலேற்றர் மூன்றும் முன்னால் வந்ததும் தாங்கியது. உப்புக்காற்றுக்காக ஈயமூட்டுகளுக்கு மேல் நகப்பூச்சு அடித்தோம். அதுவும் பழைய கடையில் கற்றதே.

புதுச் சாமான் வேண்டுமென்றால் கொழும்பு புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவில் எல்லாம் கிடைக்கும். ஆனால் முதல் டயோட்டுகளை வாங்க வேண்டாம் என்றுதான் நான் பெற்றாரிடம் சொல்வேன். வீட்டில் பழுதாகிக் கிடக்கும் சி.எஃப்.எல். குமிழின் அடிப்பாகத்தைத் திறந்தால் பெரும்பாலும் நாலு 1என்4007 உள்ளேயே இருக்கும், டைனமோவுக்குக் கட்டிய அதே சதுரத்தில். கண்ணாடியை உடைக்கக்கூடாது, உள்ளே பாதரசம் உண்டு. பக்கத்தில் நிற்கும் கப்பாசிற்றரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். குமிழ் மின்னிலிருந்து கழன்றிருக்க வேண்டும். கழன்ற பிறகும் மீற்றரை வைத்துப் பார்த்து, பத்தாயிரம் ஓம் றெசிஸ்ரர் ஒன்றை ரப்பர் பிடித்த குறடால் குறுக்கே பிடித்து வடித்து, முள் சைபருக்கு வந்த பிறகு கை வைக்கட்டும். முதல் தடவை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.